உருளைக்கு நடு யாது?

சென்னை மத்திய ரயில் நிலையத்தை நடுவாகக் கொண்டு 40 கிலோமீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டத்தை நாட்டுப் படத்தின்மேல் வரைவோமாயின், அவ்வட்டத்தின் கோடு மேற்கே திருவள்ளூரையும், வடக்கே சிறிது மேற்குச் சாய்வாகக் கும்மிடிப்பூண்டியையும் ஏறக்குறையத் தொட்டுச் செல்லும். இரண்டு ஊர்களும் சென்னையினின்று ஒரே தூரத்தில் உள்ளன. திசையால் மட்டுமே வேறுபடுகின்றன. ஒன்றிற்குச் செல்வோர் அரக்கோணம் மார்க்கத்து வண்டியிலும், மற்றொன்றிற்குச் செல்வோர் கூடூர் மார்க்கத்து வண்டியிலும் ஏறுதல் வேண்டும். இனி அந்நடுவைச் சென்னையினின்று பெயர்த்துத் திருவள்ளூரில் வைத்துப் பார்ப்போம். முன்பு வடமேற்கே இருந்த கும்மிடிப்பூண்டி இப்பொழுது வடகிழக்கே காணப்படும். ஊர் ஓரடியேனும் நகரவில்லை. நடு நகர்ந்தது; அதனால் ‘நடுவினின்று வெளிநோக்கி’ என்னும் சொற்களின் பொருள் மாறிற்று.

சிறுவரும் அறியத்தக்க இவ்வுண்மையை மறந்தால், இக்காலத்துக் கணிப்பொறியும் தவறான விடையைத் தயங்காது தரும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்கொள்ளும் பொருள் ‘பீசோ மின்சாரம்’ எனப்படும் அழுத்த மின்சாரம். வளையமாகவும் குழாயாகவும் செய்யப்பட்ட அழுத்தமின் பொருள்களைக் கணிப்பொறியில் அமைத்து ஆராயுங்கால், அவற்றின் திசையைக் குறிக்கும் உருளை ஆயமுறையை எங்கே நிறுத்துவது, எவ்வாறு நிறுத்துவது என்பது வினா.

அழுத்த மின்சாரம்

சில ஸ்படிகங்களை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னேற்றம் தோன்றும். இதனை 1880 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ழாக் கியூரி, பியேர் கியூரி என்னும் சகோதரர் இருவர் கண்டறிந்தனர். படிகக்கல், ரோஷேல் உப்பு, டூர்மலின் முதலியவற்றை அவர்கள் ஆராய்ந்தனர். இவற்றுள் டூர்மலின் நமக்கு அயலான கல் அன்று. பழவேற்காட்டில் கோட்டை கட்டி வாணிகம் செய்த ஒல்லாந்தரே, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையினின்று அக்கல்லை ஐரோப்பாவிற்குக் கொண்டு சென்றனர். சூடேறிய அக்கல் சாம்பலை இழுப்பதைக் கண்டு அந்நாட்டார் வியந்தனர். வெப்பத்தால் மின்னேற்றம் பெறும் ஸ்படிகங்களைப் பற்றிய ஆராய்ச்சியே கியூரி சகோதரரை அழுத்த மின்சாரத்திற்கு இட்டுச் சென்றது. மின்னழுத்தம் கொடுத்தால் ஸ்படிகம் உருமாறுதல் வேண்டும் என்னும் மறுதலை விளைவை 1881 இல் லிப்மன் கணிதத்தால் முன்னறிந்து கூற, அச்சகோதரர் அதனையும் சோதனையால் உறுதி செய்தனர். முதல் உலகப் போர்க் காலத்தில் லாஞ்செவின் என்பார் படிகக்கல்லை உருக்குத் தகடுகளின் நடுவே வைத்து நீருக்குள் ஒலியை அனுப்பும் கருவியை இயற்றினார்.

இன்று பெரிதும் வழங்குவது ஸ்படிகக்கல் அன்று. ஈயம், சிர்க்கோனியம், டைட்டானியம் ஆகியவற்றின் ஆக்ஸைடுகளால் சுட்டெடுத்த ஒருவகைப் பீங்கான். அது பி.இசட்.டி. எனப்படும். சூளையிலிருந்து வந்தவுடன் அப்பீங்கானுக்கு அழுத்தமின் குணம் இல்லை. அதனுள் உள்ள நுண்ணிய மணிகள் பல திசைகளை நோக்கிக் கிடக்கின்றன. அதனைச் சூடான எண்ணெயில் இட்டு மிகுந்த மின்னழுத்தத்தை ஒரு திசையில் செலுத்தினால், உட்கூறுகள் இயன்றவரை அத்திசை நோக்கித் திரும்பி நிலைக்கும். இதற்கு முனைவாக்கம் என்று பெயர். ஆகவே, எங்கே எத்திசையில் முனைவாக்கப்பட்டது என்பதே அப்பீங்கானின் இயல்பாகும். ஒரே களிமண், ஒரே சூளை, ஒரே வடிவமாயினும் முனைவுத் திசை வேறாயின் பொருள் வேறே.

இப்பீங்கான் எங்கெங்குப் பயன்படுகின்றது என்பதை அறிய நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் உலைகளும் உருட்டாலைகளும் மிகுந்துள்ளன. ஆவடி, திருவள்ளூர்ப் பக்கங்களில் உருக்குக் குழாய்களும் ஊர்திகளும் மண் வாரும் பெரும்பொறிகளும் செய்யப்படுகின்றன. உருக்கை வெட்டாமலே அதன் உள்ளே உள்ள வெடிப்பை அறிவதற்கு, அழுத்தமின் வில்லை பொருந்திய கருவியை மேலே வைத்துச் செவிக்கெட்டாத ஒலியை உள்ளே அனுப்புவர். உருக்கினுள் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 5,900 மீட்டர் செல்லும். ஆகவே 50 மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு வெடிப்பு இருந்தால், எதிரொலி ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பகுத்தால் வரும் கூறுகளுள் 17 கழிவதற்குள் திரும்பிவிடும். பெட்ரோல் எஞ்சின்களில் எரிபொருள் காலந்தவறி வெடித்துத் தட்டுவதை உணர்த்தும் உறுப்பினுள் இருப்பதும் பெரும்பாலும் ஒரு பீங்கான் வளையமே. நீருக்குள் ஒலி கேட்கும் ‘ஹைட்ரோபோன்’ கருவிகள் பலவற்றில் இருப்பது மெல்லிய பீங்கான் குழாய். கடலொலியை ஆராயும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 1993 முதல் சென்னையில் நடைபெற்று வருகின்றது. இத்தகைய உறுப்புகளை வடிவமைப்போர், பீங்கானைச் சுடுமுன்னரே கணிப்பொறியில் அதன் மாதிரியை அமைத்து, இத்தனை வோல்ட்டுக்கு எவ்வளவு அசையும், எந்த அதிர்வெண்ணில் ஒத்ததிரும் என்று கணித்துக்கொள்கின்றனர். அக்கணிப்பைக் கொண்டே அச்சும், மின்வாயும், உறையும் செய்யப்படுகின்றன. கணிப்புப் பிழைத்தால் செலவிட்ட பொருளும் காலமும் வீணாவதோடு, உருக்கின் குற்றத்தைக் கண்டு சொல்லவேண்டிய கருவியே குற்றமுடையதாகிவிடும்.

மூன்றாம் அச்சு

அழுத்தமின் பொருளின் குணங்களை அட்டவணையாக எழுதும்பொழுது, முனைவாக்கிய பீங்கானுக்கு முனைவுத் திசையை மூன்றாம் அச்சு என்று கொள்வது உலகெங்கும் உள்ள வழக்கு. நெடுநாளாக வழங்கும் ஒருவகைப் பி.இசட்.டி. பீங்கானில், ஒரு மீட்டர் தடிப்புக்கு ஒரு வோல்ட்டு என்ற அளவான மின்புலத்தை முனைவுத் திசையிலே செலுத்தினால், அத்திசையில் அது தன் நீளத்தில் லட்சங்கோடியில் 374 பங்கு நீளும். குறுக்குத் திசையில் லட்சங்கோடியில் 171 பங்கு சுருங்கும். மின்புலம் முனைவுத் திசைக்குக் குறுக்கே செலுத்தப்படுமாயின் நீளுதலும் இல்லை, சுருங்குதலும் இல்லை. சதுரம் சாய்சதுரமாவது போன்ற சாய்வு மட்டுமே உண்டாகும். அதன் அளவு 584 பங்கு. மின்புலம் எதிர்த்திசையிலாயின், நீண்டது சுருங்கும், சுருங்கியது நீளும். இம்மூன்று எண்களும் பொருளின் சொந்த அச்சுகளைச் சார்ந்தவை. அவ்வச்சுகள் உலகத்தின் அச்சுகளோடு எங்ஙனம் பொருந்துகின்றன என்பதை நாமே கணிப்பொறிக்குச் சொல்லுதல் வேண்டும்.

தடித்த ஒரு வில்லையை மேலிருந்து கீழாக முனைவாக்கியிருந்தால் தொல்லையில்லை. அதன் மூன்றாம் அச்சு எவ்விடத்தும் செங்குத்தே. ஒரு குழாயை உட்புறத்தும் வெளிப்புறத்தும் வெள்ளி பூசி, உள்ளிருந்து வெளிநோக்கி முனைவாக்கியிருந்தால் நிலைமை வேறு. கிழக்குப் பக்கத்தில் மூன்றாம் அச்சு கிழக்கு நோக்கும். வடக்குப் பக்கத்தில் வடக்கு நோக்கும். புள்ளிக்குப் புள்ளி திசை மாறுகின்றது. சக்கரத்தின் ஆரக்கால்களைப் போன்ற இத்திசைகளை ஒரே சொல்லில் அடக்குவதற்கே உருளை ஆயமுறை வேண்டப்படுகின்றது. அதில் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று திசைகள் உண்டு: அச்சினின்று வெளிநோக்கும் ஆரத்திசை, வட்டத்தைச் சுற்றிச் செல்லும் சுற்றுத்திசை, உருளையின் நெடுக்கே செல்லும் அச்சுத்திசை.

நேர்க்கோட்டு அச்சுகளுக்கும் உருளை அச்சுகளுக்கும் உள்ள வேற்றுமை இங்கேதான் தோன்றுகின்றது. நேர்க்கோட்டு ஆயமுறையில் ஆதிப்புள்ளியைப் பெயர்த்தால் எல்லா எண்களும் ஒரே அளவு கூடும் அல்லது குறையும், திசைகள் மாறா. 1906 ஆம் ஆண்டில் இந்தியப் பொது நேரம் வழக்கிற்கு வந்தபோது, பழைய சென்னை நேரத்தினின்று கடிகாரங்கள் ஏறக்குறைய 9 நிமிஷம் முன்னே தள்ளப்பட்டதை இதற்கு ஒப்பாகக் கூறலாம். எல்லா வண்டிகளுக்கும் அதே 9 நிமிஷந்தான். எந்த வண்டியும் திசை மாறி ஓடவில்லை. உருளை ஆயமுறையிலோ நடுவைப் பெயர்த்தால் ஒவ்வொரு புள்ளியின் திசையும் வெவ்வேறு அளவில் திரும்பும். நேர்க்கோட்டு முறையிற் பழகிய மனம், ‘ஆதிப்புள்ளி எங்கிருந்தால் என்ன?’ என்று அசட்டையாக இருந்துவிடுவதற்குக் காரணம் இதுவே.

ஓர் எடுத்துக்காட்டு

10 மில்லிமீட்டர் சராசரி ஆரமும் 1 மில்லிமீட்டர் சுவர்த் தடிப்பும் உள்ள ஒரு பீங்கான் குழாய் ஆரத்திசையில் முனைவாக்கப்பட்டுள்ளது என்று கொள்வோம். அது ஒரு பெரிய கருவியின் உறுப்பாதலின், மாதிரியின் ஆதிப்புள்ளியில் இராமல், கிழக்கே 40 மில்லிமீட்டரும் வடக்கே 30 மில்லிமீட்டரும் தள்ளி அதன் நடு அமைந்துள்ளது. பிதாகோரஸின் தேற்றப்படி ஆதிப்புள்ளிக்கும் அந்நடுவுக்கும் உள்ள தூரம் 50 மில்லிமீட்டர்.

முதலில் மெய்யான விடையைக் கையாலேயே காண்போம். 100 வோல்ட்டை முனைவுத் திசையிலே கொடுத்தால், 1 மில்லிமீட்டர் தடிப்பில் மின்புலம் மீட்டருக்கு ஒரு லட்சம் வோல்ட்டு. தடையின்றி விடப்பட்ட மெல்லிய குழாயின் சுற்றளவு கோடியில் 171 பங்கு சுருங்கும். ஆரம் 10 மில்லிமீட்டராதலின் அது 0.17 மைக்ரோமீட்டர் குறையும். எப்பக்கமும் ஒரே அளவாகக் குழாய் மூச்சு விடுவதுபோல் ஒடுங்கி விரியும். ஹைட்ரோபோன் குழாயின் பயனெல்லாம் இவ்வொரு சீரான மூச்சிலேதான் உள்ளது.

இப்பொழுது உருளை ஆயமுறையின் நடுவைக் குழாயின் நடுவில் வைக்காமல், மென்பொருள் தானாகவே தரும் ஆதிப்புள்ளியிலேயே விட்டுவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். கிழக்கே 48, வடக்கே 36 என்னும் புள்ளியைப் பார்ப்போம். அது ஆதிப்புள்ளியையும் குழாயின் நடுவையும் இணைக்கும் கோட்டில் அப்பால் உள்ளது. அங்கே இரண்டு ஆரத்திசைகளும் ஒன்றே, பிழை இல்லை. அதே கோட்டில் இப்பால் உள்ள புள்ளி கிழக்கே 32, வடக்கே 24. அங்கே மெய்யான முனைவுத் திசை ஆதிப்புள்ளியை நோக்குகின்றது. கணிப்பொறி கொண்ட திசையோ அதற்கு நேர் எதிர். பிழை 180 பாகை. பக்கவாட்டில் உள்ள கிழக்கே 34, வடக்கே 38 என்னும் புள்ளியில் பிழை ஏறக்குறைய 79 பாகை. அங்கே பீங்கான் ஒடுங்குவதற்குப் பதிலாகப் பெரிதும் சாயவே செய்யும். சுற்று முழுவதையும் கணக்கிட்டால், நூற்றுக்கு 56 பங்கு ஏறக்குறைய நேராகவும், 44 பங்கு எதிராகவும் முனைவாக்கப்பட்டதாகக் கணிப்பொறி கொண்டுவிடும். ஒரு பக்கம் ஒடுங்க, மறுபக்கம் விரிய, குழாயின் மூச்சு போய் ஒருவகை நெளிவே எஞ்சும்.

நடு மிகவும் தொலைவிற் சென்றால் என்னாகும் என்பதும் எண்ணத்தக்கது. தொலைவிலுள்ள புள்ளியினின்று வரும் ஆரக்கோடுகள் சிறிய குழாயின் அளவில் ஏறக்குறைய இணைகோடுகளாகிவிடும். அப்பொழுது மாதிரியில் இருப்பது, ஒரே திசையில் முனைவாக்கிய பெரிய கட்டியினின்று கடைந்தெடுத்த குழாய் ஆகும். அத்தகைய குழாயும் உலகத்தில் இருக்கக்கூடியதே. ஆகவே கணிப்பொறி பொய் சொல்லவில்லை. நாம் கேளாத வேறொரு பொருளைப்பற்றி மெய் சொல்லிற்று. இயற்கை விதிகள் எவையும் மீறப்படாமையால், எச்சரிக்கை மணியும் ஒலிப்பதில்லை. பொருளின் நிறை சரியாயிருக்கும், வடிவம் சரியாயிருக்கும். மேற்கூறிய பீங்கானில் முனைவுத் திசைக்கும் குறுக்குத் திசைக்கும் உரிய மின்கோடற் பண்புகள், தடையற்ற நிலையில், 1700 க்கும் 1730 க்கும் உள்ள வேற்றுமையே உடையவை. ஆதலின் மின்தேக்கத்தை மட்டும் அளந்து ஒத்துப் பார்ப்போருக்கும் இப்பிழை வெளிப்படாமற் போகலாம்.

அமைக்கும் முறை

இப்பிழைக்கு மருந்து எளிது. புள்ளியின் கிழக்களவினின்று நடுவின் கிழக்களவையும், வடக்களவினின்று நடுவின் வடக்களவையும் கழித்துக்கொள்ளுதல் வேண்டும். எஞ்சிய இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் ஆரம் கிடைக்கும். எஞ்சிய ஒவ்வொன்றையும் அவ்வாரத்தால் வகுத்தால் ஆரத்திசையின் கூறுகள் கிடைக்கும். கிழக்கே 34, வடக்கே 38 என்னும் புள்ளிக்குக் கழித்தபின் எஞ்சுவன -6 உம் 8 உம்; ஆரம் 10; திசைக் கூறுகள் -0.6 உம் 0.8 உம். பெயர்ந்த உருளை ஆயமுறை என்பது இவ்வளவே. மென்பொருளில் இதற்கு நான்கு செய்திகளைத் தருதல் வேண்டும்.

முதலாவது, நடு. குழாயின் நடுவை எண்ணாகத் தட்டச்சு செய்வதைவிட, வடிவத்தை வரைந்தபோது வழங்கிய அதே பெயரால் குறிப்பது நலம். குழாயை நகர்த்தினால் ஆயமுறையும் உடன் நகரும். ஒரு மாதிரியில் ஐந்து குழாய்கள் இருப்பின் ஐந்து ஆயமுறைகள் வேண்டும். ஒரு நடு ஐவருக்கு உதவாது.

இரண்டாவது, அச்சு. குழாய் சாய்ந்து நின்றால் ஆயமுறையின் அச்சும் அவ்வாறே சாய்தல் வேண்டும். மூன்றாவது, கோணத்தை எந்தக் கோட்டினின்று எண்ணுவது என்பது. முழுக் குழாயும் ஒரே தன்மையாக முனைவாக்கப்பட்டிருந்தால் இது பொருட்டன்று. ஆப்பு வடிவத் துண்டுகளை வளையமாக ஒட்டி, ஒன்றுவிட்டு ஒன்று எதிர்த்திசையில் முனைவாக்கிய சோனார் வளையங்களில் எந்தத் துண்டு எங்கே தொடங்குகின்றது என்பதை இதுவே காட்டும்.

நான்காவது, வரிசை. இதிற் பலர் இடறுவர். உருளை ஆயமுறையின் இயல்பான வரிசை ஆரம், சுற்று, அச்சு என்பதாம். இவ்வரிசையை அப்படியே பொருளுக்குக் கொடுத்தால் மூன்றாவதாக நிற்பது அச்சுத்திசை. குழாய் நெடுக்கே முனைவாக்கப்பட்டதாகிவிடும். ஆரத்திசை மூன்றாவதாக வருதற்குச் சுற்று, அச்சு, ஆரம் என்று வரிசையைச் சுழற்றுதல் வேண்டும். சுற்றுத்திசையில் முனைவாக்கியதாயின் அச்சு, ஆரம், சுற்று என்று கொள்க. சுழற்றலாமேயன்றி இரண்டினை மட்டும் இடம் மாற்றுதல் கூடாது; மாற்றினால் வலக்கை முறையாகிய அச்சுத்தொகுதி இடக்கை முறையாகிவிடும்.

எல்லா வளையங்களுக்கும் இத்தனை முயற்சி வேண்டுமோ எனின், வேண்டா. எஞ்சினில் வைக்கும் வளையத்தைப்போல் நெடுக்கே முனைவாக்கியவற்றிற்கு மூன்றாம் அச்சு எங்கும் ஒன்றே. முனைவாக்கிய பீங்கான் தன் மூன்றாம் அச்சைச் சுற்றி எவ்வளவு திருப்பினும் குணம் மாறாதது. ஆதலின் நேர்க்கோட்டு அச்சுகளே அதற்குப் போதும். படிகக்கல்லுக்கு இச்சலுகை இல்லை. அது திருப்பத் திருப்பக் குணம் வேறுபடும். கருவி முழுவதும் ஒரே அச்சைச் சுற்றிச் சமச்சீராயிருந்தால், குறுக்குவெட்டை மட்டும் வரைந்து கணிக்கலாம். அங்கே நடு தானாகவே அச்சின்மேல் அமையும். ஆயமுறையின் நடு பீங்கானுக்குள்ளேயே விழும்படி ஒரு முழு வட்டை ஆரத்திசையுடையதாகக் கொள்வது மட்டும் ஆகாது. நடுப்புள்ளியில் ‘வெளிநோக்கி’ என்பதற்குப் பொருளே இல்லை அன்றோ?

சோதித்தல்

அமைத்த பின் மூன்று சோதனைகள் செய்தல் நன்று. ஒன்று, மூன்றாம் அச்சை அம்புக்குறிகளாக வரைந்து கண்ணால் பார்த்தல். அவை சக்கரத்தின் ஆரக்கால்களைப்போல் நின்றால் சரி. காற்றிற் சாய்ந்த நாணல்போல் ஒரு புறமே சாய்ந்தால் நடு தவறியது. இரண்டு, 100 வோல்ட்டுக்குரிய அசைவை மேலே செய்ததுபோல் கையால் கணித்து ஒப்பிடுதல். மூன்று, குழாயையும் அதன் ஆயமுறையையும் சேர்த்து வேறிடத்திற்குப் பெயர்த்துக் கணித்தல். தனித்து நிற்கும் குழாய் இடம் மாறியதால் குணம் மாறாதாகலின் விடையும் மாறுதல் கூடாது. மாறினால் ஏதோ ஒன்று இன்னும் பழைய நடுவைப் பற்றிக்கொண்டிருக்கின்றது என்பது தெளிவு. இம்மூன்றிற்கும் அரைமணி நேரம் போதும். சூளையிலிட்ட பீங்கானை மீண்டும் களிமண்ணாக்க ஒருவராலும் இயலாது.

நம் கல்லூரியிற் கணிதமும் பௌதிகமும் கற்போர் பலர் நாளை மேற்குறித்த தொழிற்பேட்டைகளிலும் ஆராய்ச்சிச் சாலைகளிலும் இத்தகைய மென்பொருள்களின் முன் அமர்வர். ஆயமுறைகளை வகுப்பிற் கற்கும்பொழுது, ‘ஆதிப்புள்ளியை எங்கு வேண்டுமாயினும் கொள்க’ என்னும் வாக்கியத்தை நாம் வேகமாகக் கடந்து சென்றுவிடுகின்றோம். கொள்ளும் உரிமை நமக்கு உண்டு என்பது மெய்யே. ஆயின் எங்கே கொண்டோம் என்பதை ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனியே சொல்லும் கடமையும் அவ்வுரிமையோடு ஒட்டியே வருகின்றது. வழி கேட்ட ஒருவனுக்குக் ‘கும்மிடிப்பூண்டி வடமேற்கே உள்ளது’ என்று விடை கூறுவோர், அவன் நிற்பது சென்னையிலா திருவள்ளூரிலா என்று முதலிற் கேட்டறிதல் வேண்டும்.